உப்புக்கண்டத்துக்கும் ஒரு தரம் உண்டு

தை பிறந்து மழை ஓய்ந்துவிட்டால் பழனி மலைக் கிராமங்களின் காலனித் தெருக்களில் உப்புக்கண்டம் போடும் காலம் வந்துவிடும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற வீடுகளிலும், மேலே பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டுக்காட்டு வேலைக்குப் போகிற வீடுகளிலும் இது தெரிந்த விஷயம். ஒரே நாளில் தின்று தீராத மாட்டுக்கறியை நீளநீளமாகக் கீறி, கல்லுப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்துக் காய வைப்பார்கள். வெயில் இல்லாத நாளில் அடுப்புக்கு மேலே பரணில் தொங்கும். வேலை இல்லாத மழைக் காலத்தில் அதில் நாலு துண்டு எடுத்துப் பொரித்தால் ஒரு குடும்பத்துக்கே கஞ்சி இறங்கும்.

இப்போது அது வீட்டுப் பரணில் மட்டும் இல்லை. கேரளத்தில் உணக்கிறைச்சி, இடியிறைச்சி என்ற பெயர்களில் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். நம் பக்கத்திலும் பொரித்த மாட்டுக்கறி வத்தல் நொறுக்குத் தீனியாகிவிட்டது. கைப்பேசியில் சொன்னால் வீட்டுக்கே வருகிறது. கல்லூரி விடுதிப் பிள்ளைகள் வாங்குகிறார்கள், சுற்றுலா வந்தவர்கள் வாங்குகிறார்கள், சாராயக்கடைப் பக்கம் போகிறவர்களும் வாங்குகிறார்கள். வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு நல்ல கண்டம் எது, கெட்ட கண்டம் எது என்று பார்க்கத் தெரியும்? தெரிந்த கிழவிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. விருப்பாச்சி மலை வாழைப்பழத்துக்கும் கிடைத்துவிட்டது. மகிழ்ச்சிதான். பூண்டின் பல் எப்படி இருக்க வேண்டும், பழத்தின் தோல் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பூண்டைப் பிடுங்குகிறவளும், அந்த வாழைத்தாரைத் தலையில் சுமக்கிறவளும் என்ன சாப்பிடுகிறாள், அது நல்லதா கெட்டதா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

உணவுப் பாதுகாப்புத் துறை வேலையே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழத்தைப் பறிமுதல் செய்கிறார்கள், மீனில் ஃபார்மலின் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற சாயம் கலந்ததால் பஞ்சுமிட்டாயையே தமிழ்நாட்டில் தடை செய்தார்கள். ஆனால் நான் பார்த்த விழிப்புணர்வுத் துண்டறிக்கை எதிலும் ‘மாட்டுக்கறி’ என்ற சொல்லைக் கண்டதில்லை. ஆட்டுக்கறி வாங்குவது எப்படி என்று இருக்கும், கோழி வாங்குவது எப்படி என்று இருக்கும். மாட்டுக்கறி அங்கே இருக்காது. எழுதினால் யாராவது கோபித்துக்கொள்வார்கள் என்ற அச்சம் ஒருபுறம், அதைத் தின்கிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்ற அலட்சியம் மறுபுறம்.

2022 மே மாதம் ஆம்பூரில் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஆம்பூரில் மாட்டுக்கறி பிரியாணியும் பேர்பெற்றது என்பது ஊருக்கே தெரியும். ஆனால் திருவிழாவில் அதற்கு மட்டும் இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு வந்ததும் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாநில ஆணையம் இது பாகுபாடு என்று ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. அந்தக் கேள்வியை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்க வேண்டும். திருவிழாவில் இலை போடாதது ஒரு பாகுபாடு என்றால், சோதனைச் சாலையில் அந்தக் கறிக்கு ஒரு தட்டு வைக்காததும் பாகுபாடுதான். முதலாவது மானத்தைத் தொடுகிறது. இரண்டாவது உயிரைத் தொடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் நம் பிள்ளைகளுக்கே குழப்பம் இருக்கிறது. மாட்டுக்கறி தின்பதே குற்றம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. அப்படி இல்லை. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதுக்கு மேலாகி, உழைக்கவும் இனவிருத்திக்கும் தகுதியற்றுப் போன மாட்டைச் சான்று பெற்று அறுக்கலாம். ஆற்ற முடியாத காயமோ ஊனமோ பட்ட மாட்டுக்கும் சான்று தரலாம். பசுவையும் கிடேரியையும் அறுக்கக்கூடாது என்று 1976இல் அரசாணை வந்தது. 2017 மே மாதம் ஒன்றிய அரசு, சந்தையில் மாட்டை அறுவைக்கு விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தபோது முதலில் அதற்குத் தடை கொடுத்தது நம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைதான். உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. ஆக, காளைக்கறியும் எருமைக்கறியும் சட்டப்படியான உணவு. சட்டப்படியான உணவு என்றால் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் அதற்கும் பொருந்தும். இட்லி மாவுக்கு இருக்கிற பாதுகாப்பு உப்புக்கண்டத்துக்கும் உண்டு. இது சலுகை இல்லை.

ஆனால் அந்தச் சட்டம் மலை ஏறி வரவில்லை. நகராட்சியில் அறுவைக்கூடம் இருக்கும், முத்திரை குத்த ஆள் இருப்பார் என்று வைத்துக்கொள்வோம். மலைக் கிராமத்தில் மாடு அறுப்பது ஓடையோரத்தில், மரத்தடியில். அறுக்கும் முன் மாட்டைப் பார்க்க மருத்துவர் இல்லை, அறுத்த பின் ஈரலைப் புரட்டிப் பார்க்கவும் ஆள் இல்லை. அங்கிருந்துதான் கண்டம் வருகிறது.

தமிழ் படித்தவள் என்பதால் ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்புக்கு வரும் பாணர்களுக்குத் தேக்கிலையில் விருந்து வைக்கிறார்கள். அந்த விருந்தில் ‘வாடூன்’ இருக்கிறது. வாடிய ஊன். அதாவது நம் உப்புக்கண்டம். உணங்கல் என்ற சொல்லும் சங்க நூல்களில் வருவதுதான். வாடூனை வகுப்பறையில் உரையாசிரியர் விளக்கத்தோடு நடத்துகிறோம். அதே பொருளை மதியச் சாப்பாட்டில் கொண்டுவந்த பிள்ளை டப்பாவைத் திறக்கத் தயங்குகிறது. நமக்கு மட்டும் உரிய வினோதமும் இல்லை இது. தென்னாப்பிரிக்காவில் காடியும் கொத்தமல்லி விதையும் தடவிக் காய வைத்த பில்டாங், பெருவின் மலைமக்கள் காய வைத்த சார்க்கி என்று உலகம் முழுக்கக் கறி காய்கிறது. சார்க்கிதான் அமெரிக்கர் வாயில் ஜெர்க்கி ஆனது. மலையில் வாழ்கிறவனும் மாடு மேய்க்கிறவனும் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்த வழி அது.

எனக்கு இரண்டு தரப்போடு சண்டை இருக்கிறது. ஒரு தரப்பு, இந்தப் பழக்கத்தையே விட்டுத்தொலையுங்கள் என்கிறது. அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இன்னொரு தரப்பு நம் ஆட்கள். “எங்க பாட்டன் காலத்துல இருந்து திங்கிறோம், ஒண்ணும் ஆகல” என்கிறார்கள். பாட்டன் காலத்தில் கண்டம் போட்டவள் பாட்டி. எந்த மாடு, யார் அறுத்தது, எத்தனை நாள் காய்ந்தது என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். இப்போது பாக்கெட்டைப் பிரிக்கிறவனுக்கு அதில் ஒன்றுமே தெரியாது. அதுவும் போக, பாட்டன் காலத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று யார் சொன்னது? வாந்தியும் வயிற்றோட்டமும் வந்து செத்த குழந்தைகளுக்கு என்ன காரணம் என்று நம் தெருவுக்கு வந்து எழுதியவர் யார்?

தரம் என்பது காய்ந்த துண்டில் தொடங்குவதில்லை, உயிரோடு நிற்கிற மாட்டில் தொடங்குகிறது. செத்த மாட்டின் கறியைத் தொடவே கூடாது. இதில் சமரசமே இல்லை. 1927இல் மகாடு மாநாட்டில் அம்பேத்கர் தம் மக்களிடம் செத்த மாட்டை உண்பதை விட்டுவிடச் சொன்னார். செத்த மாட்டைத் தூக்க வேண்டியதும் அதையே தின்ன வேண்டியதும் நம் தலையில் கட்டப்பட்டது. அந்தக் கட்டாயத்துக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை 1948இல் வெளிவந்த தம் நூலில் அவர் விரிவாக எழுதினார். அறுத்த மாட்டை விரும்பித் தின்பது உரிமை. செத்த மாட்டைத் தின்னவைத்தது அடிமைத்தனம். இரண்டையும் ஒரே கூடையில் போட்டு, எல்லாம் எங்கள் பண்பாடு என்று பேசுகிற இளைஞர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும்.

மருத்துவக் காரணம் இன்னும் கடுமையானது. நன்றாக மேய்ந்துகொண்டிருந்த மாடு திடீரென்று விழுந்து செத்தால் அது அடைப்பானாக இருக்கலாம். வயிறு சட்டென உப்பும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வடியும். உடம்பு விறைக்காது. அந்த மாட்டை அறுத்தால் கிருமி காற்றுப்பட்டு வித்துகளாக மாறும். உப்பு அந்த வித்தைக் கொல்லாது, வெயில் கொல்லாது, புகை கொல்லாது, வீட்டு அடுப்பையும் நம்ப முடியாது. மண்ணில் விழுந்தால் பல பத்தாண்டுகள் கிடக்கும். ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் செத்த மாட்டின் கறியைத் தொட்டும் தின்றும் பழங்குடி மக்களுக்கு அடைப்பான் வருவது திரும்பத்திரும்ப நடக்கிறது. அந்தக் கறியைக் காய வைத்தால் ஆபத்தையும் சேர்த்துக் காய வைத்துப் பரணில் சேமித்ததாகத்தான் ஆகும்.

அப்படி ஒரு மாடு செத்தால் 1962 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். கால்நடை அவசர ஊர்தி எண் அது. பண்ணையார் வந்து, “தூக்கிப் போட்டுட்டு வேணும்னா கறிய எடுத்துக்க” என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பட்டியல் சாதியினரை விலங்கின் பிணத்தை அகற்றவோ சுமக்கவோ வைப்பது 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

இன்னொன்றும் மலைக்கே உரியது. கொடைக்கானலில் காட்டுமாடு தெருவுக்கே வந்து நிற்கிறது. அதன் கறி என்று சொல்லி ரகசியமாகக் காய்ந்த துண்டு விற்பனைக்கு வந்தால் கிட்டே போகாதீர்கள். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு அது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. அடிபட்டுச் செத்ததா, நோயில் செத்ததா என்றும் தெரியாது. வழக்கு வந்தால் விற்றவன் தப்பிவிடுவான், பரணில் துண்டு வைத்திருந்த கூலிக்காரன் உள்ளே போவான்.

இனி, காய்ந்த துண்டுக்கு வருவோம். நல்ல கண்டம் கறுஞ்சிவப்பாகவோ காப்பிக்கொட்டை நிறத்திலோ இருக்கும். கறியின் சிவப்பு காயக்காயக் கறுப்பதுதான் இயல்பு. பளபளவென்று ரோஜாச் சிவப்பில் இருந்தால் சாயமோ வேதிப்பொருளோ சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். ஒரு துண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தால் சரி. குங்குமம் கரைத்ததுபோல் சிவந்தால் எறிந்துவிடலாம். மிளகாய்த்தூள் தடவியிருந்தால் அதைக் கழுவிவிட்டுத்தான் இந்தச் சோதனை. மசாலா அப்பிக்கிடக்கிற பாக்கெட்டை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். மசாலா ருசிக்கும் போடப்படுகிறது, மறைக்கவும் போடப்படுகிறது.

அதே தண்ணீரை மோந்து பாருங்கள். காய்ந்திருக்கும்போது உப்பு வாடையை அமுக்கிவைத்திருக்கும், வெந்நீர் பட்டால் அது வெளியே வந்துவிடும். எலும்புச் சாறு போன்ற மணம் வந்தால் நல்லது. மூத்திர நெடி, முட்டை அழுகல் நெடி வந்தால் காயும் முன்பே கறி கெட்டுப்போயிருக்கிறது. பழைய எண்ணெய்போல் சிக்கு வாடை அடித்தால் கொழுப்பு காறிவிட்டது. அதனால்தான் பாட்டிமார் கண்டத்துக்குக் கறி எடுக்கும்போது கொழுப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தொடைச் சதையாகப் பார்த்து எடுப்பார்கள். கொழுப்பு காயாது, காறும்.

பிறகு முறித்துப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த துண்டு வளைத்தால் நார்நாராக விரிசல் விட்டு முறியும். ரப்பர்போல் வளைந்து திரும்பினால் உள்ளே ஈரம். கூடையிலேயே கனமான துண்டை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளியே ஓடுபோல் இறுகி, நடுவே பிசுபிசுவென்று சிவந்திருந்தால் அது கடும் வெயிலில் அவசரமாகக் காய்ந்த துண்டு. மேல்தோல் இறுகிவிட்டதால் உள்ளிருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் போயிருக்கும். பழனி, வத்தலக்குண்டு அடிவாரத்தின் சித்திரை வெயிலில் இது அதிகம் நடக்கும். மலைமேல் சிக்கல் வேறு. மூடுபனி இறங்கினால் காய்ந்த கறி மறுபடி ஈரத்தை உறிஞ்சும். பகலில் காய்ந்து, மாலையில் எடுக்க மறந்து, காலையில் நனைந்து என்று நாலு நாள் ஆட்டம் காட்டிய கறி பூசணம் பிடிக்கும். துண்டின் மேல் வெள்ளையாக இருந்தால் விரலால் தேயுங்கள். உப்பு என்றால் மணல்போல் நெறுநெறுக்கும், தண்ணீரில் கரையும். பூசணம் என்றால் பஞ்சுபோல் ஒட்டும், கரையாது, பச்சையோ கறுப்போ ஓரத்தில் தெரியும். அதைத் துடைத்துவிட்டுப் பொரிக்கலாம் என்ற பேச்சே வேண்டாம். பூசணத்தின் வேர் உள்ளே போயிருக்கும்.

பொடிப்பொடியாகத் துளைகள், அடியில் தவிட்டுத்தூள்போல் உதிர்ந்து கிடந்தால் வண்டு அரித்திருக்கிறது. மயிர் முளைத்த சின்னப் புழு ஊரும். அதற்கு நேர்மாறானதையும் கவனியுங்கள். திறந்த கூடையில் கண்டம் கிடக்கிறது, பக்கத்துக் கருவாட்டில் ஈ மொய்க்கிறது, இதில் ஒரு ஈகூட உட்காரவில்லை என்றால் பூச்சிமருந்து தெளித்திருக்கிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டும்.

கடைசியாக விலை. இதை யாரும் கணக்குப் போடுவதில்லை. பச்சைக்கறியில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு தண்ணீர். கொழுப்பு நீக்கி, உப்புச் சேர்த்து, நன்றாகக் காய வைத்தால் மூன்று கிலோ கறி ஏறக்குறைய ஒரு கிலோ கண்டம் ஆகும். பச்சைக்கறி கிலோ 300 ரூபாய் விற்கிற ஊரில் கறிக்கே 900 ஆகிவிட்டது. உப்பு, விறகு, கூலி எல்லாம் போக ஒருவன் 600 ரூபாய்க்குக் கண்டம் தருகிறான் என்றால், ஒன்று உள்ளே தண்ணீர் இருக்கிறது, அல்லது அவன் காசு கொடுத்து வாங்காத மாடு அது. காசு கொடுத்து வாங்காத மாடு எது என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

கண்ணும் மூக்கும் விரலும் இவ்வளவு சொல்லும். சொல்லாததும் உண்டு. சால்மொனெல்லா கிருமி இருக்கிற கறிக்கு நிறமும் மாறாது, நாற்றமும் வராது. 1995இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கடையில் வாங்கிய காய்ந்த மாட்டுக்கறியைத் தின்றவர்களுக்கு சால்மொனெல்லா வந்தது. நன்றாகக் காய்ந்ததுதானே, கிருமி எப்படி வரும் என்று கேட்கலாம். அறிவியல் மாணவர்கள் இதை நீர்ச் செயல்பாடு என்ற அளவில் புரிந்துகொள்ளலாம். தூய நீருக்கு அது 1. அந்த அளவு 0.85க்குக் கீழே வந்துவிட்டால் நோய் தரும் பாக்டீரியாக்கள் கறியில் பெருகாது. பெருகாது என்றுதான் சொல்லலாம், செத்துவிடும் என்று சொல்ல முடியாது. மெதுவாகக் காயும்போது கிருமி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பழகிவிடுகிறது. அதனால்தான் அமெரிக்க வேளாண்மைத் துறை, கறியைக் காய வைக்கும் முன்பே 71 டிகிரி சூடு உள்ளே ஏறும்படி வேகவைக்கச் சொல்கிறது. நம் வீட்டில் செய்யக்கூடியதுதான். உப்பு, மஞ்சள் போட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கீறிய துண்டுகளைப் போட்டு, மறுபடி நன்றாகக் கொதித்ததும் எடுத்து வடித்துப் பிறகு கோக்கலாம். துண்டு கால் அங்குல கனத்துக்கு மேல் போகக் கூடாது. ருசி கொஞ்சம் மாறும் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். மாறட்டும்.

ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற இன்னொரு கிருமி. கையில் சீழ்ப்புண் இருக்கிறவர் கறி கீறினால் போகும். அது கறியில் பெருகினால் ஒரு நஞ்சைக் கக்கும். பிறகு பொரித்தாலும் வேகவைத்தாலும் கிருமிதான் சாகும், நஞ்சு சாகாது. அறுத்த கறியை மத்தியானம் வரை சாக்கில் போட்டு வைத்திருந்து, மிஞ்சியதைச் சாயங்காலம் கண்டம் போடுகிற பழக்கத்தில் இருக்கிற ஆபத்து இதுதான். விற்காத கறியில் கண்டம் போடுவது கருமித்தனம்கூட இல்லை, அடுத்தவன் வயிற்றோடு சூதாடுவது. முதல் கறியில் போட வேண்டும், அறுத்த சில மணி நேரத்துக்குள் உப்பு ஏற வேண்டும். அரிசிமணிபோல் வெள்ளை முத்துகள் சதைக்குள் தெரிந்தால் அது நாடாப்புழுவின் கூடு. அந்தக் கறியைக் கண்டத்துக்கு எடுக்காதீர்கள்.

பொரிப்பதிலும் ஒன்று உண்டு. கண்டத்தை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேகவைத்துப் பிறகு பொரியுங்கள். நேராக எண்ணெயில் போட்டால் மேலே கருகும், உள்ளே சூடு ஏறாது. கொடைக்கானல் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீட்டர். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சட்டியில் வேகவைத்தால் அடிவாரத்தைவிட அதிக நேரம் பிடிப்பது அதனால்தான். குக்கரில் வைப்பது நல்லது.

பாக்கெட் வாங்குகிறவர்கள் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண், தயாரித்த நாள், கடைசி நாள், தயாரித்தவர் முகவரி, அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம், எந்த விலங்கின் கறி என்ற விவரம் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் வாங்காதீர்கள், சூடு ஆறும் முன் அடைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் கண்டம் தினச் சோறு இல்லை. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய கறியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் 2015இல் சேர்த்தார்கள். மாட்டுக்கறி என்பதால் இல்லை, எந்தக் கறியைப் பதப்படுத்தினாலும் அப்படித்தான். ரத்தக்கொதிப்பு இருக்கிற அம்மாக்கள் ஊறுகாய்போல் தொட்டுக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். இதை நம்மை இழிவுபடுத்த நினைக்கிறவர்கள் சொல்லும் முன் நாமே சொல்லிக்கொள்வது நல்லது.

வாங்குகிறவரிடமே எல்லாப் பொறுப்பையும் கட்டிவிட்டு நகர முடியாது. உப்புக்கண்டம் போடத் தெரிந்த பெண்கள் நம் மலையில் இருக்கிறார்கள். பூண்டு ஊறுகாய்க்கும் காப்பித்தூளுக்கும் சாக்லேட்டுக்கும் சுய உதவிக்குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். கண்டத்துக்கு ஏன் கொடுக்கக் கூடாது? கறியை மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் காய வைக்கும் சூரிய உலர்த்தி ஒன்று இருந்தால் ஈயும் இல்லை, மூடுபனியும் இல்லை. நாலு காலனிக்கு ஒன்று போதும். தாட்கோ கடனில் மாடு வாங்கலாம், ஆட்டோ வாங்கலாம், இதையும் வாங்க வழி செய்யலாம். சின்ன அளவில் தயாரிக்கிறவர்களுக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய் என்றுதான் வைத்தார்கள். அதை எடுக்க நம் பெண்கள் அலுவலகப் படி ஏறும்போது, ‘என்ன கறி?’ என்ற கேள்விக்குத் தலைகுனியாமல் ‘மாட்டுக்கறி’ என்று எழுதுகிற நிலைமை வேண்டும்.

படிப்பாளிகளும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தேனி வீரபாண்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உடுமலைப்பேட்டையில் இருக்கிறது. சின்னாளபட்டிப் பக்கம் காந்திகிராமப் பல்கலைக்கழகம், கொடைக்கானலிலேயே அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். முதுகலை ஆய்வுக்குத் தலைப்பு இல்லை என்று தேடுகிற மாணவர்களுக்குச் சொல்கிறேன்: பழனி மலையின் பத்து ஊர்க் கண்டத்தை வாங்கி, ஈரம் எவ்வளவு, உப்பு எவ்வளவு, கிருமி எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். வழிகாட்டி முகம் சுளித்தால் வாடூனைச் சொல்லுங்கள்.

கிராம சபையில் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. வாரம் ஒரு நாள் குறித்த இடத்தில், சிமெண்டுத் தளமும் தண்ணீரும் உள்ள ஒரு அறுவை இடம். அந்த நாளில் அறுக்கும் முன் மாட்டைப் பார்க்கக் கால்நடை உதவி மருத்துவர். செத்த மாட்டைப் புதைக்க ஊராட்சிச் செலவில் ஜேசிபி, சுண்ணாம்பு. கண்டம் போடும் குழுவுக்கு ஒரு சூரிய உலர்த்தி. அக்டோபர் 2 கிராம சபையில் இந்த நான்கையும் தீர்மானமாக எழுதி, பதிவேட்டில் ஏறிய பிறகு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து கயிறு கட்டுவதற்குள் மூன்று மாதம் இருக்கிறது.